சின்னத் தொட்டிக்கு எந்த மீன்?

மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மீனைப் பார்த்த பிறகுதான் தொட்டியைப் பற்றி யோசிக்கிறார்கள். பளபளக்கும் மீன் ஒன்று கண்ணில் படும், குழந்தை கையைப் பிடித்து இழுக்கும், அன்று மாலையே ஒரு கண்ணாடித் தொட்டியும் கொஞ்சம் கலர் கல்லும் நான்கு மீன்களும் வீட்டுக்கு வந்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஐந்தாம் நாள் முதல் மீன் செத்தது. பத்து நாளுக்குள் தொட்டியே காலி. வேளாவேளைக்குத் தீனி போட்டிருந்தேன், தண்ணீரும் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருந்தது. என்ன தவறு செய்தேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

'சின்னத் தொட்டிக்கு எந்த மீன் நல்லது?' என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கும்? அந்தத் தண்ணீர் எத்தனை நாளாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது? முதல் கேள்வி எல்லோருக்கும் புரியும். இரண்டாவதைக் கேட்டால் விழிப்பார்கள். தண்ணீர் தயாராவது என்றால் என்ன?

முதலில் லிட்டர் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கண்ணாடியும் கல்லும் சேர்ந்து மொத்த எடை 60 கிலோவைத் தாண்டும். ஆடும் மேசை, பலகை அலமாரி எதுவும் அதைத் தாங்காது. நான் இங்கே சின்னத் தொட்டி என்று சொல்வது 20 லிட்டரிலிருந்து 60 லிட்டர் வரை. அதற்கும் கீழே இருக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணங்களை நான் மீன்தொட்டியாகவே கருதுவதில்லை.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், சின்னத் தொட்டிதான் கஷ்டம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதற்கு நேர்மாறாக நினைக்கிறார்கள். சின்னதாக ஒன்று வைத்துப் பழகிவிட்டுப் பெரிதுக்குப் போகலாம் என்று. 200 லிட்டர் தண்ணீரில் ஒரு மீன் செத்துக் கல்லிடுக்கில் கிடந்தால், நீங்கள் பார்த்து எடுக்கும்வரை மற்ற மீன்கள் தாக்குப்பிடிக்கும். 20 லிட்டரில் அதே சம்பவம் ஒரே ராத்திரியில் தண்ணீரைக் கெடுத்துவிடும். வெயில் ஏறினால் சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும், இரவில் சீக்கிரம் குளிரும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். உருண்டைக் கிண்ணத்தைக் கழுத்துவரை நிரப்பினால் காற்றைத் தொடும் நீர்ப்பரப்பும் சுருங்கிவிடுகிறது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, 'பசிக்குது போல' என்று தீனி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மூச்சுக்குத் திணறுகிறது.

தண்ணீர் தயாராவது என்றால்

ஆற்றிலோ குளத்திலோ ஒரு விரல் நீள மீனின் கழிவு எங்கேயோ கரைந்து போய்விடும். தொட்டியில் அது போக இடமில்லை. மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகும்போதும் அதே அம்மோனியாதான் வருகிறது. நிறமே கிடையாது. அந்த அளவில் வாசனையும் தெரியாது. என் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன்கள் செத்தது இதனால்தான். அம்மோனியா செவுளை அரித்துவிடும்.

இயற்கையில் இதைச் சமாளிக்க இரண்டு வகை பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்து ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் ஓரளவுக்கு மீனை ஒன்றும் செய்யாது. செடிகள் அதை உறிஞ்சிக்கொள்ளும், மீதியை நாம் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு பாக்டீரியாக்களும் மிதந்து திரிவதைவிட, ஃபில்டர் ஸ்பாஞ்ச், மணல், கல், செடித்தண்டு என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். மெதுவாகத்தான் பெருகும். ஒரு புதுத் தொட்டியில் போதுமான அளவுக்கு அவை வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதைத்தான் தண்ணீர் தயாராவது என்கிறேன். மீன் வளர்ப்பவர்கள் 'சைக்கிள் முடிஞ்சுதா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதைப் பற்றித்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு அப்பா மகன் கதை இருக்கிறது. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், ஒரு தொட்டியில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் சேர்த்து வைத்துத் தண்ணீரை நீண்டநாள் கெடாமல் காத்த சோதனையை வெளியிட்டார். இன்று நாம் வீட்டில் வைத்திருக்கும் தொட்டிகளுக்கெல்லாம் அது ஒரு முன்னோடி. அதே பெயர் கொண்ட அவருடைய மகன் வேளாண் வேதியியலாளர். மண்ணில் அம்மோனியா நைட்ரேட் ஆவது இரண்டு கட்டமாக, இரண்டு வேறு உயிரிகளால் நடக்கிறது என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். அப்பாவின் தொட்டியில் அப்பாவுக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்த வேலையை மகன் வயல் மண்ணில் கண்டுபிடித்தார். அந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தது 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர்.

சரி, வீட்டில் இதை எப்படிச் செய்வது? தொட்டியை நிரப்பி, ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டு ஓடவிடுங்கள். சின்னத் தொட்டிக்கு அதைவிட நல்ல ஃபில்டர் கிடையாது என்பது என் முடிவு. விலை குறைவு, குஞ்சுகளை இழுக்காது, காற்றும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மீனையும் கொல்லும், நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். குளோரின் மட்டும் என்றால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். சில இடங்களில் சேர்க்கப்படும் குளோரமின் அப்படிப் போகாது. குளோரின் முறிக்கும் மருந்தில் சில சொட்டுகள் விட வேண்டும். அப்புறம், மீன் இல்லாத அந்தத் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். அன்றைக்குத் தொட்டி தயார். யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதில் ஓடிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரோடு வைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

இடையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கும். பயந்துபோய் எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள். அது வேறு வகை பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம். சில நாளில் தானாகத் தெளியும்.

இந்த மீன்கள் வேண்டாம்

கடைத்தொட்டியில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். இதை மறந்துவிடுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. இரண்டு அங்குல சக்கர் மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அழகாகத்தான் இருக்கும். அதில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை 40 செ.மீ.க்கு மேல் வளரும். 'பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும்' என்று சொல்லித் தருவார்கள். அது போடும் கழிவு அது தின்னும் பாசியைவிட அதிகம். டைகர் ஷார்க் என்ற பெயரில் சுறா போல இருக்கும் குட்டிகள் உண்மையில் ஆற்றுக் கெளுத்தி வகை. வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். ஆஸ்கார் 30 செ.மீ. ஆகும். ஏஞ்சல் 15 செ.மீ., துடுப்போடு சேர்த்தால் உயரம் அதைவிட அதிகம். அது வளர்ந்த பிறகு நியான் டெட்ராவைத் தின்றுவிடும் என்பது வேறு.

தங்கமீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகத்திலேயே அதிகமாக அநியாயம் செய்யப்பட்ட வளர்ப்பு மீன் அதுதான் என்று நான் நினைக்கிறேன். கிண்ணத்தில் நீந்தும் தங்கமீன் படத்தைக் குழந்தையிலிருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறோம். கெண்டை இனத்தைச் சேர்ந்தது அது. நீளவாக்கில் இருக்கும் சாதாரணத் தங்கமீன் 20 முதல் 30 செ.மீ. வரை வளரும், நன்றாக வைத்திருந்தால் பத்துப் பதினைந்து வருடம் சர்வ சாதாரணமாக வாழும். டிஷ் என்ற ஒரு தங்கமீன் 43 வயதுவரை வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. கிண்ணத்தில் ஆறு மாதத்தில் சாகும் தங்கமீன் ஆயுள் முடிந்து சாகவில்லை. 'தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது மோசமான தண்ணீரில் வளர்ச்சி குன்றிப்போன மீன்களைப் பார்த்து வந்த நம்பிக்கை. குன்றிய மீனின் ஆயுளும் குன்றும். குட்டையாக, உருண்டையாக இருக்கும் அலங்காரத் தங்கமீன்கள் நீளத்தில் சின்னவை என்றாலும் கழிவில் சின்னவை அல்ல. 60 லிட்டருக்குள் தங்கமீன் வேண்டாம்.

'ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர்' என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். ஒரு நியான் டெட்ரா 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பத்து டெட்ராவின் நீளத்தைக் கூட்டினால் 30 செ.மீ.; ஒரு ஆஸ்காரும் 30 செ.மீ. கணக்குப்படி இரண்டும் ஒன்று. ஆனால் மீன் நீளத்தில் மட்டுமா வளர்கிறது? உயரத்திலும் பருமனிலும் சேர்ந்துதான் வளர்கிறது. நீளம் பத்து மடங்கானால் உடம்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்காகும். அந்த ஒரு ஆஸ்கார், பத்து டெட்ராக்களைப் போல நூறு பங்கு கனம். தின்பதும் கழிப்பதும் அதற்கேற்பத்தான்.

பெரிதாகிவிட்ட மீனை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சக்கர் மீனும் தங்கமீனும் இப்படி விடப்பட்டுப் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்கேயே பிறந்து வாழும் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கொண்டுவந்த கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

சின்னத் தொட்டிக்கு ஏற்றவை

ஒரே ஒரு மீனைச் சொல்லு என்றால் ஃபைட்டர் என்பேன். 20 லிட்டரில் ஒரே ஒரு ஆண் ஃபைட்டர் ராஜா மாதிரி வாழும். தாய்லாந்தைச் சேர்ந்த மீன் இது; 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தலைக்குள் லேபிரிந்த் என்ற உறுப்பு இருப்பதால் நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். இந்த ஒரு வரத்தையே அதற்குச் சாபமாக்கிவிட்டோம். 'காற்றைச் சுவாசிக்கும், சேற்றுக் குட்டையில் வாழும்' என்று சொல்லி ஒரு டம்ளரில் அடைத்து வைக்கிறார்கள். அது வாழும் நெல்வயலும் சதுப்பும் ஆழம் குறைந்தவைதான், ஆனால் பரப்பு பெரியது. செடி அடர்ந்தது, வெதுவெதுப்பானது. காற்றைச் சுவாசித்தாலும் செவுளை அம்மோனியா அரிப்பதிலிருந்து அது தப்ப முடியாது. 24 முதல் 28 டிகிரி வெப்பம், மெதுவான ஃபில்டர், படுத்து ஓய்வெடுக்க மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அகன்ற இலை, தாவாமல் இருக்க ஒரு மூடி. இவ்வளவு கொடுத்துப் பாருங்கள், உங்கள் முகம் தெரிந்து கண்ணாடிக்கு ஓடி வரும், நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். இரண்டு ஆண்களை ஒன்றாகப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கப்பி மாதிரி நீளவால் மீனையும் அதனுடன் போடாதீர்கள். கூர்மையான பிளாஸ்டிக் செடியும் வேண்டாம், துடுப்பு கிழிந்துவிடும்.

அடுத்தது கப்பி. முதன்முதலில் மீன் வளர்க்கும் குழந்தைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் மீன் எனக்குத் தெரியாது. முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடும். சிக்கலும் அங்கேதான். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெண் கப்பி இருபது முப்பது குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். பெண்ணை மட்டும் வாங்கினால் தப்பலாம் என்றும் நினைக்க முடியாது. ஒருமுறை இணை சேர்ந்தால் ஆணின் விந்தை உடம்புக்குள் பல மாதம் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே அடுத்தடுத்துக் குட்டி போடும். கடையில் நீங்கள் வாங்கும் பெண் கப்பி அநேகமாக ஏற்கெனவே கர்ப்பம்தான். அதனால் 40 லிட்டர் தொட்டிக்கு நான் சொல்வது ஆண் கப்பிகள் மட்டும், ஐந்தாறு. நிறமும் வாலும் ஆணுக்குத்தானே. ஆண் பெண் இரண்டும் வேண்டுமென்றால் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெண்ணைக் களைக்க வைத்துவிடும். கூடவே குட்டிகளை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பிளாட்டிக்கும் இதே கதை. மோலி கொஞ்சம் பெரிதாகும், 60 லிட்டருக்கு மேல் இருந்தால் பார்க்கலாம்.

கூட்டமாக நீந்தும் குட்டி மீன்களுக்கு 60 செ.மீ. நீளத் தொட்டி வேண்டும். நியான் டெட்ரா, எம்பர் டெட்ரா, ஹார்லிகுவின் ரஸ்போரா, இரண்டு செ.மீ.யைத் தாண்டாத சில்லி ரஸ்போரா ஆகியவை இந்த வகை. இவற்றை இரண்டு, மூன்று என்று வாங்குவது கொடுமை. குறைந்தது ஆறு, எட்டுப் பத்து இருந்தால் இன்னும் நல்லது. கூட்டத்தில் இருக்கும்போதுதான் இவற்றுக்குப் பயம் தெளியும். இரண்டு மட்டும் இருந்தால் மூலையில் நிறம் மங்கி ஒளிந்திருக்கும், 'இந்த மீன் நல்லாவே இல்லை' என்று நாம் நினைப்போம். ஒரு சின்னத் தொட்டியில் ஐந்து வகையில் இரண்டிரண்டு வைப்பதைவிட ஒரே வகையில் பத்து வைத்தால் எவ்வளவு அழகு என்பதைப் பார்த்தவர்கள் மறுபடி கலவைக்குப் போக மாட்டார்கள். நியான் டெட்ரா அமேசான் படுகையில், இலை ஊறித் தேநீர் நிறமான ஓடைகளில் வாழ்வது. புதுத் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மீன் போட்டு ஓரிரு மாதம் ஓடி நிலைத்த தொட்டியில்தான் அதை விட வேண்டும்.

அளவு மட்டுமே கணக்கில்லை, குணமும் வேண்டும். ஸீப்ரா டேனியோ நான்கைந்து செ.மீ.தான், அசாத்தியமாகத் தாங்கும். ஆனால் ஒரு நிமிடம் ஓய்ந்து நிற்காது, 30 செ.மீ. தொட்டியில் அதை அடைப்பது ஓட்டக்காரனைக் குளியலறையில் ஓடச் சொல்வது போல. டைகர் பார்ப் மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும் பழக்கம் உள்ளது.

அடிமட்டத்தில் மேயும் மீன் வேண்டுமென்றால் குட்டிக் கோரி வகை (கோரிடோராஸ் என்ற கெளுத்தியில் மிகச் சின்ன வகை), ஆறு. மீசையால் மணலைத் துழாவித் தின்பவை என்பதால் அடியில் மென்மையான மணல் வேண்டும். கூர்கல் மீசையைத் தேய்த்துவிடும். இவையும் அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும், அது அவற்றின் இயல்பு. ஒரு விஷயம்: கோரியைத் 'துப்புரவு மீன்' என்று விற்பார்கள். மற்ற மீன்களின் கழிவைத் தின்று வாழும் மீன் எதுவும் இல்லை. கோரிக்கும் அடியில் மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும். பாசி தின்ன ஆள் வேண்டுமென்றால் நெரைட் நத்தை ஒன்றோ இரண்டோ போதும். நன்னீரில் அதன் முட்டை பொரிக்காது, பெருகிவிடுமோ என்ற பயமில்லை.

ஆக 20 லிட்டருக்கு ஒரு ஃபைட்டரும் ஒரு நத்தையும். 45 லிட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டிக்கு எட்டு எம்பர் டெட்ராவும் ஆறு குட்டிக் கோரியும், அல்லது ஆறு ஆண் கப்பி. கேட்கும்போது குறைவாகத் தோன்றும். வைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி?

சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிமானம் கட்டுகிறதா? அப்படியென்றால் உங்களுடையது கடின நீர், சுண்ணாம்பு அதிகம். கப்பி, பிளாட்டி, மோலி மூன்றுக்கும் அது பிடிக்கும். டெட்ராவும் சில்லி ரஸ்போராவும் மென்னீர் மீன்கள். பண்ணையில் பிறந்து வளர்ந்த மீன்கள் ஓரளவு எதற்கும் பழகிக்கொள்ளும், ஃபைட்டர் அதில் கெட்டிக்காரன். பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு; அதை ஏற்றவும் இறக்கவும் குப்பி குப்பியாக விற்கும் மருந்துகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறும் பிஎச்தான் மீனை வாட்டும். கொஞ்சம் கூடுதலோ குறைவோ, ஒரே நிலையில் இருந்தால் போதும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: பிஎச் கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் அம்மோனியாவின் விஷ வடிவம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கடின நீர் உள்ளவர்கள் தொட்டி தயாராகும்வரை காத்திருப்பது இன்னும் அவசியம்.

வாரம் ஒரு அரை மணி நேரம்

பராமரிப்பு என்று பயப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் கால்பங்கு தண்ணீரைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே வெப்பமுள்ள தண்ணீரை ஊற்றுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால், வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நாலு முறை பிழிந்து மறுபடி மாட்டுங்கள். குழாயடியில் காட்டிக் கசக்கினால் ஆறு வாரமாக வளர்த்த பாக்டீரியா அத்தனையும் போய்விடும்.

மாதம் ஒருமுறை மீனையெல்லாம் வாளிக்கு மாற்றி, கல்லையும் தொட்டியையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி விடும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. உழைத்துச் செய்கிறார்கள், அன்பாகத்தான் செய்கிறார்கள். அடுத்த வாரம் மீன் சாகிறது. கழுவியதோடு தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குப் போய்விட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படிச் செய்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

தீனி, நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ, ஒரு இரண்டு நிமிடத்தில் மிச்சமில்லாமல் தின்று முடிக்கும் அளவு. மீன் எப்போதும் பசித்த மாதிரியே வரும், மனம் இரங்க வேண்டாம். நான்கைந்து நாள் ஊருக்குப் போனால் நல்ல ஆரோக்கியமான வளர்ந்த மீன் தாங்கிக்கொள்ளும். மீனைப் பற்றித் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் அன்பு மிகுதியில் டப்பாவைக் கவிழ்ப்பதுதான் ஆபத்து. விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் பாசியோடு போராடியே ஓய்ந்துவிடுவீர்கள். செடி வைக்க ஆசையிருந்தால் ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் யார் வைத்தாலும் வரும். வேர்க்கிழங்கை மணலில் புதைக்காமல் ஒரு கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

மீன் சோர்ந்திருந்தாலோ மேலே வந்து மூச்சு வாங்கினாலோ மருந்து தேடி ஓடுவதற்கு முன் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். உடம்பில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஒட்டுண்ணி. அதற்கு மருந்து உண்டு. புதிதாக வரும் மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி வருவது அபூர்வம்.

மீன் வீட்டுக்கு வரும் நாள்

கடையில் நின்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். துடுப்பு விரிந்திருக்கிறதா, வயிறு ஒட்டிப்போகாமல் இருக்கிறதா, தீனி போட்டால் பாய்ந்து வருகிறதா? ஒரே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். முதல் தடவை நான்கைந்துக்கு மேல் வேண்டாம். கூட்ட மீன் என்றால் ஆறு. பாக்டீரியாக்களும் புதிய சுமைக்கேற்ப வளர வேண்டுமே, அடுத்த தொகுதியை இரண்டு வாரம் கழித்து வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். பிறகு பையைத் திறந்து, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்றைக்குத் தீனி வேண்டாம். செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், கண்ணாடியைத் தட்டாதீர்கள்.

மறுநாள் காலை விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி உட்கார்ந்திருங்கள். முதலில் ஒன்று வெளியே வந்து மணலைக் கொத்திப் பார்க்கும், அதைப் பார்த்து மற்றவை வரும். அப்போது எழுந்து போய் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்.